பழசுப் பெட்டியில் வெளிர் ஊதா

எடுத்து வைப்பவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டாதீர்கள். அவர் வீட்டு சோபாவில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உட்கார்ந்ததும் ‘கரக்’ என்றும் நகர்ந்தால் ‘முரக்’ என்றும் சத்தம் போட்டதே, அந்த சோபாதான். கடையிலிருந்து வந்த நாளில் அதற்குப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை யாரும் கழற்றவில்லை. டிவி ரிமோட்டும் அப்படியே உறையும் ரப்பர் பேண்டுமாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கூட்டும் பொத்தான் எது, குறைக்கும் பொத்தான் எது என்பது வீட்டுக்காரரின் கட்டைவிரலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கண்ணாடி அலமாரிக்குள்ளே தங்க விளிம்பு போட்ட கோப்பைகள் வரிசையாக நிற்க, உங்களுக்குத் தேநீர் வந்ததென்னவோ காது உடைந்த கோப்பையில்.

“அந்தக் கப்பெல்லாம் ரொம்ப அழகா இருக்கே” என்று நீங்களும் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தீர்கள்.

“அதுவா? விருந்தாளி யாராவது வந்தா எடுக்கலாம்னு வச்சிருக்கோம்.”

அப்படியானால் நீங்கள் யார்? அதை யோசித்துக்கொண்டேதான் அன்று தேநீரைக் குடித்துவிட்டு வந்தீர்கள்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர் வாங்குவார், கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாக வாங்குவார். வீட்டுக்கு வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து அந்தப் பொருளுக்கு அவர் சொந்தக்காரர் இல்லை, காவல்காரர். “இருக்கட்டும், நல்லதுக்கு எடுத்துக்கலாம்” என்பார். அந்த ‘நல்லது’ எப்போது வரும்? பிறந்த நாளா? சே, அது வருஷா வருஷம் வருகிறதே, அதற்குப் போய் யாராவது இதை எடுப்பார்களா? கல்யாண நாளா? வீட்டோடு இருக்கப் போகிறோம், எதற்கு? சம்பள உயர்வு வந்த நாளா? அடுத்த உயர்வு வரட்டும், சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். இப்படி எந்த நாள் வந்து கதவைத் தட்டினாலும், நீ அந்த அளவுக்கு நல்ல நாள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர் அவர்.

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருத்தி இருக்கிறாள். பார்சல் அலுவலகம் ஒன்றில் பதிவுக் கவுன்ட்டர் அவளுடையது. ஒருவர் பீங்கான் பொம்மை கொண்டுவந்தால் மற்ற கவுன்ட்டர்களில் குமிழ் பிளாஸ்டிக்கை இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். இவள் மூன்றாவது சுற்றும் சுற்றி, மூலைகளில் பஞ்சு அடைத்து, நாலு பக்கமும் ‘உடையும் பொருள்’ சீட்டு ஒட்டி, ஐந்தாவதாக மேலே ஒன்று ஒட்டி, ரசீதைக் கொடுக்கும்போது “பத்திரம்” என்பாள். செங்கல் அனுப்பினாலும் அதே “பத்திரம்”தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பத்திரம் என்று ஆகிவிட்டது. அவளும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

நாற்பதைத் தாண்டிய பத்திரத்துக்கு ஒரு தங்கை. வேறு ஊரில் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டி, “பயன்படுத்தாம வச்சிருந்தா இறுகித்தான் போகும், நடங்க, நடங்க” என்று அதட்டுகிற வேலை. சின்ன வயதில் வீட்டுக்கு ஒரே ஒரு புதுச் சட்டை வந்தால் அது தங்கைக்கு, ஒரே ஒரு பெரிய ஆரஞ்சு இருந்தால் அதுவும் தங்கைக்கு என்று கொடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் பத்திரம். தங்கை சம்பாதிக்க ஆரம்பித்ததும் அக்காவுக்கு வாங்கிக் குவித்தாள். பத்திரமும் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினாள்.

போன வருடம் வந்திருந்தபோது துண்டு தேடிப் பீரோவைத் திறந்த தங்கை, துண்டைத் தவிர எல்லாவற்றையும் கண்டாள். அவள் வாங்கித் தந்த கைப்பை, வயிற்றுக்குள் திணித்த காகிதம்கூட எடுக்கப்படாமல் உப்பிக்கொண்டு நின்றது. கைக்கடிகாரம் பெட்டிக்குள்ளேயே ஓடி ஓடிக் களைத்து நின்றுபோயிருந்தது. சென்ட் பாட்டிலின் மூடி பிரிக்கப்படவே இல்லை. ஆனாலும் பாதி காணோம். மனிதர்கள் யாரும் போட்டுக்கொள்ளாததால் பீரோவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

தங்கை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, நான் உனக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கறேன். நீ என்னைக் கொண்டுபோய் பீரோவுல வச்சுப் பூட்டறே.”

“ஐயோ, அப்படி இல்லடி. நல்லதுக்கு எடுக்கலாம்னு…”

“நான் வந்திருக்கேனே, இது நல்லது இல்லையா?”

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குப் புறப்படும்போது அவள் ஒரு சிறிய பெட்டியைக் கையில் வைத்து அழுத்தி, “இதுதான் கடைசி. இதையும் எடுத்து வச்சேன்னு தெரிஞ்சுது, அப்புறம் ஜென்மத்துக்கும் உனக்கு எதுவும் வாங்க மாட்டேன். வெறுங்கையோட வந்து வெறுங்கையோட போவேன், பார்த்துக்கோ” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்தது. “சத்தியமாப் போட்டுக்கறேன்டி” என்றாள்.

பெட்டிக்குள் இருந்தது ஓர் ஐஷேடோ பேலட், கண் இமையில் பூசுகிற வண்ணப் பெட்டி. சாதாரணக் கடையில் தொங்கவிடும் சாமான் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடையில், வெள்ளைக் கையுறை அணிந்தவர்கள் தட்டில் வைத்து எடுத்து வந்து காட்டுகிற ரகம். தந்த நிற மூடி. மூடினால் ‘டக்’ என்று, பணக்கார வீட்டுக் கார்க் கதவின் சத்தம். உள்ளே ஒரு கண்ணாடி, அதன் கீழே குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் வெளிர் நிறங்கள்: பாதாம், இளரோஜா, புதினாப் பச்சை, வெண்ணெய் மஞ்சள், மழை வரப்போகிற நீலம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு வெளிர் ஊதா. ஒவ்வொன்றின் மேலும் ஓர் இலையை நரம்பு நரம்பாக அழுத்திப் பதித்திருந்தார்கள். அதன் மேல் மெல்லிய கண்ணாடித்தாள்.

அந்த இலையைப் பார்த்ததுதான் வினை. விரல் வைத்தால் இலை அழிந்துவிடுமே! அழிந்த இலையை யார் திரும்ப வரைந்து தருவார்கள்?

ஆனாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், வீடு கண் அசரும் நேரம் பார்த்துப் பத்திரம் அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பேலட்டைப் ‘போட்டுப் பார்க்க’ ஆரம்பித்தாள். அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துடைக்க வேண்டும். துடைத்த கையை மின்விசிறிக்குக் கீழே காட்டிக் காயவைக்க வேண்டும். பிறகு பெட்டியைத் திறந்து, துணிக்கடையில் துணியைத் தோளில் வைத்துப் பார்ப்பதுபோல அதைக் கன்னத்தோடு சாய்த்து, கண்ணாடியில் ஒரு பார்வை. வலது கண்ணை மூடி, அதன் பக்கத்தில் வெளிர் ஊதா. பிரமாதம்! இடது கண்ணை மூடி, அதன் பக்கத்தில் புதினா. அதுவும் குற்றமில்லை. சரி, எதில் ஆரம்பிப்பது? ஊதா ரொம்ப அழகு, அதைப் போய்த் தொடுவதா? பிடிக்காத நிறம் வெண்ணெய் மஞ்சள்தான், அதில் ஆரம்பித்தால் நஷ்டமில்லை. ஆனால் பிடிக்காததை எதற்குக் கண்ணில் பூசிக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. கண்ணாடித்தாளின் மேலேயே விரலை மெதுவாக ஓட்டிவிட்டு, ‘டக்’. அன்றைய பரீட்சை முடிந்தது.

சாயங்காலம் தங்கையின் போன் வரும்.

“இன்னைக்கு என்ன கலர்க்கா?”

“வெளிர் ஊதா.”

“நிஜமாவா? எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுடி. கண்ணாடி முன்னாடியிருந்து நகரவே மனசு வரல.”

இதில் எது பொய், சொல்லுங்கள் பார்ப்போம்? ஆனால் இப்படி ஆரம்பித்த பேச்சு அந்த இடத்தில் நிற்குமா? அடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லாரும் கேட்டார்கள் என்று ஆனது. அதற்கடுத்த வாரம் மேலாளரின் மனைவி, எந்தக் கடை என்று விசாரித்தாள். மேலாளருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அந்தப் பக்கம் தங்கை சந்தோஷத்தில் சிரிக்கச் சிரிக்க, இந்தப் பக்கம் அக்கா அடுத்த வாரத்துக்கான கதையைத் தேடினாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பத்திரத்துக்கு அந்தப் பேலட்டின் மேல் ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். உயிராக இருந்தாள். தங்கை கொடுத்தது என்பதாலேயே தொட மனம் வரவில்லை. தொட்டால் குறையும், குறைந்தால் ஒருநாள் தீரும், தீர்ந்துவிட்டால் ‘இது என் தங்கை எனக்கென்று வாங்கித் தந்தது’ என்று எதைக் காட்டுவது? பிரியத்தை முழுசாக வைத்திருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, மூடி வைப்பது.

இந்த நேரத்தில்தான் அடுத்த தெருவில் திருட்டுப் போனது. பீரோவை உடைத்து, உள்ளறையை உடைத்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். விஷயம் காதில் விழுந்ததும் பத்திரத்துக்கு நகை ஞாபகம் வரவில்லை. பேலட்தான் ஞாபகம் வந்தது.

அவள் யோசித்தாள். திருடன் எதைத் திறப்பான்? பூட்டியிருப்பதை. எதைத் திரும்பியும் பார்க்க மாட்டான்? பழசுப் பெட்டியை.

பழசுப் பெட்டி என்பது அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பெரிய அட்டைப்பெட்டி. ஓட்டை வாளி, ஒற்றைக் காலுறை, எந்தப் போனுக்கும் பொருந்தாத சார்ஜர் என்று வீட்டில் காலம் முடிந்த சாமானெல்லாம் அதில் வந்து விழும். விழுந்தபின் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாமியாருக்கு. ஒட்டுவதை ஒட்டுவார், கொடுப்பதைக் கொடுப்பார், தனக்குப் பயன்படும் என்றால் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வார். அது அந்த வீட்டின் எழுதாத சட்டம்.

மாமியார் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் முழுசாக வந்ததைக் கிழித்துக் கொடுத்தே பழகிய கை. புதுச் செருப்பு வாங்கினால் கடையிலேயே போட்டுக்கொண்டு பழசை அங்கேயே விட்டுவிட்டு வருவார். சட்டையில் தொங்கும் விலைச்சீட்டைப் பல்லால் கடித்து எடுப்பார். மருமகளும் அவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம், இவள் எடுத்து வைத்ததை அவர் தொட மாட்டார், அவர் கிழித்ததை இவள் பார்க்க மாட்டாள்.

‘அத்தை எடுத்துவிட்டால்?’ என்று பத்திரத்துக்கும் தோன்றாமல் இல்லை. எழுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர், கண்ணுக்குப் பூசுகிற கலரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அந்த யோசனையை ஒதுக்கிவிட்டாள். பேலட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அறுந்த செருப்பு வந்த கிழிந்த டப்பாவில் வைத்து, பழசுப் பெட்டியில் ஓட்டை வாளிக்கு அடியில் செருகினாள். தொழில் தெரிந்தவள் கட்டிய கட்டு. யார் பார்த்தாலும் குப்பை என்றே சொல்வார்கள். அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்க்கவும் இல்லை. அடிக்கடி திறந்தால் காற்றுப் படும், தூசி படும், பார்வை படும். ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சைகள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே நடந்தன.

மாதங்கள் போயின. வீட்டில் எல்லாம் வழக்கம்போல இருந்தது, மாமியாரைத் தவிர. மாலை நடைக்குப் பூங்காவுக்குப் போய்வரும் மாமியாரின் முகத்தில் என்னவோ ஒரு பொலிவு. கண்கள் பெரிதாகி, ஏதோ நல்ல செய்தியை மறைத்து வைத்திருப்பவர்போல இருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவர் மகன், அதாவது பத்திரத்தின் கணவர், எதிரே வரும் வண்டியைத் தவிர வேறெதையும் கவனிக்காத ஆள், அவரே ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து, “ஏம்மா, கண்ணுக்கு ஆபரேஷன் ஏதாவது பண்ணிக்கிட்டியா? பளிச்சுனு இருக்கே” என்றார்.

“அத்தை, எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க” என்றாள் பத்திரம்.

“எல்லாம் உன் புண்ணியம்தாம்மா” என்றார் மாமியார், மனசார.

தன் சமையலைச் சொல்கிறார் என்று நினைத்துப் பத்திரம் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

ஒரு சனிக்கிழமை தங்கை போன் செய்தாள். “நாளைக்கு மத்தியானம் வரேன்க்கா. மாமாவை ஸ்டேஷனுக்கு அனுப்பு. நீ வர வேண்டாம். வாசல்ல அந்த வெளிர் ஊதாவைப் போட்டுட்டு நில்லு. இத்தனை நாள் போன்ல கேட்டதைக் கண்ணால பார்க்கணும்.”

எடுத்து வைப்பவரின் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்தே தீரும். வேண்டிக் காத்திருக்கும் நல்ல நாளின் வேஷத்தில் வராமல், கணக்குக் கேட்க வருகிற ஆளைப் போல வரும்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பியதும் பத்திரம் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். ‘இன்றைக்குத் தொட்டுவிட வேண்டியதுதான். ஊதாவில் ஓர் ஓரமாக. இலையின் காம்புப் பக்கமாக’ என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டு வாளியை நகர்த்தினாள். செருப்பு டப்பா இருந்தது. செய்தித்தாள் இருந்தது. தாளைச் சுற்றியிருந்த விதம் மட்டும் அவளுடையது இல்லை. தாளைப் பிரித்து மூடியைத் திறந்தாள்.

கண்ணாடித்தாளைக் காணோம். இலைகளைக் காணோம். புதினாவில் ஒரு பள்ளம், ரோஜாவில் ஒரு கிணறு. நடுவில் இருந்த வெளிர் ஊதா போன இடம் தெரியாமல் கிண்ணத்தின் தகரம் பளபளத்தது. ஓரத்தில் மட்டும் மெலிசாக ஒரு வளையம். வெண்ணெய் மஞ்சள் ஒன்றுதான் இலையும் நரம்புமாக அப்படியே இருந்தது. அது யாருக்குமே பிடிக்கவில்லை போலும்.

“என்னம்மா தேடறே?” என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பினாள். மாமியார் நின்றார். பட்டப்பகல் வெளிச்சத்தில், இத்தனை கிட்டத்தில், முதல்முறையாகப் பத்திரம் அவருடைய கண் இமைகளைச் சரியாகப் பார்த்தாள். இரண்டிலும் அளவாக, அழகாக, ஓரம் பிசிறாமல், வெளிர் ஊதா.

“அத்தை… இதை… நீங்களா?”

“ஆமா. நல்ல கலரும்மா. கிழிஞ்ச டப்பாவுல, பழைய பேப்பர்ல சுத்திப் போட்டிருந்தியா, உனக்கு வேண்டாம்போல இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். போட்டுட்டு மறுபடி இங்கேயே வச்சுடுவேன். எத்தனை வருஷம் போஸ்டர்ல அந்தப் பொண்ணுங்க கண்ணைப் பார்த்து ஏங்கியிருப்பேன்! பார்க்ல எல்லாரும் எந்தக் கடைன்னு கேக்கறாங்க. மருமக குடுத்ததுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.”

பத்திரத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? சட்டப்படி அது பழசு. கோபம் போன இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது. ஞாயிறு தவறாமல் மனசுக்குள் தான் பூசிக்கொண்டிருந்த ஊதாவை இன்னொருவர் நிஜமாகவே பூசிக்கொண்டு ஊரெல்லாம் நடந்திருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். தான் அளந்ததெல்லாம் அத்தைக்குப் பலித்திருக்கிறது! பத்திரத்துக்கு அழுகை முட்டியது. விஷயத்தைச் சொல்லித் தீர்த்தாள். தங்கை, சத்தியம், போனில் சொன்ன கதைகள், எல்லாம்.

மாமியார் வாயில் கை வைத்தபடி கேட்டார். பிறகு, “சரி, அழுது கண்ணை வீங்க வச்சுக்காதே, கலர் நிக்காது. இப்ப என்ன கெட்டுப் போச்சு? கலர் டப்பாவைப் பாரு. தினமும் போட்ட டப்பா மாதிரிதானே இருக்கு? நீதான் போட்டேன்னு சொல்லிடு. நான் வாயைத் திறக்கமாட்டேன்” என்றார்.

பத்திரம் டப்பாவைப் பார்த்தாள். அட, ஆமாம்! அவள் சொன்ன பொய்கள் எல்லாவற்றுக்கும் இதோ அத்தாட்சி, கிண்ணம் கிண்ணமாக. அவளே உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு, ஓரத்தில் மீந்திருந்த ஊதாவில் பேலட்டோடு வந்த பிரஷ்ஷை வைத்தாள்.

தங்கை வாசலில் காலை வைத்ததும் முதலில் டப்பாவைத்தான் கேட்டாள். திறந்தாள். தகரம் தெரிந்த கிண்ணத்தை விரலால் தடவினாள். அப்படியே அக்காவைக் கட்டிக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டாள்.

“நிஜமாவே போட்டுட்டியாக்கா! நீ சும்மா சொல்றேன்னுதான் நெனச்சேன். மன்னிச்சுக்கோ. உன்னை நம்பாம… இதோ பாரு, எதுக்கும் இருக்கட்டும், நிஜமாவே தீர்ந்திருந்தா தரலாம்னு அதேமாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வந்தேன்.”

கைப்பையிலிருந்து புதுப் பெட்டி வெளியே வந்தது. தந்த நிற மூடி. தோளைத் தங்கையின் கண்ணீர் நனைக்க, பத்திரத்துக்கு அந்த நிமிடம் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றாள். “சரி, எங்கே, கண்ணை மூடு. பார்க்கலாம்.”

பத்திரம் மூடினாள். தங்கை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“ஏன்க்கா, இன்னைக்கு மட்டும் போடலையா?”

“போட்டிருக்கேனே!”

போட்டுத்தான் இருந்தாள். ஆனால் கிண்ணம் காலியாகிக் கிடந்த அந்த நேரத்திலும், தங்கை வாசலுக்கு வந்துகொண்டிருந்த அந்த நெருக்கடியிலும், மீந்திருந்த வளையம் தீர்ந்துவிடுமே என்று பிரஷ்ஷின் ஒரே ஒரு மயிரால் தொட்டு, ஊதி உதறி, மிச்சம் பிடித்துத்தான் போட்டிருந்தாள். உடம்போடு பிறந்த குணம் எங்கே போகும்? இமையில் நிறமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தங்கை சந்தேகத்தோடு தலையைத் திருப்பினாள். தேநீர்த் தட்டோடு நின்ற மாமியார், வாயைத் திறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கூடவே கண்ணையும் மூடிக்கொண்டார். அங்கேதான் தப்பு நடந்தது. மூடிய இரண்டு இமைகளிலும் வெளிர் ஊதா ஜொலித்தது.

தங்கை இமைகளைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கணவர் மட்டும் ஒன்றும் புரியாமல், தரையில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினார்.

“அக்கா.”

“பழசுப் பெட்டியில ஒளிச்சு வச்சேண்டி” என்றாள் பத்திரம். பொய் சொல்லத் தெம்பு இல்லை. “இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நான் தொடல. அத்தைதான்… நான் உனக்குச் சொன்னது எல்லாம் பொய். நீ வாங்கித் தந்தது அழிஞ்சுடுமேன்னு பயந்தேன். வேற ஒண்ணும் இல்ல.”

தங்கை அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று மாடிப்படிக்குக் கீழே போனாள். ஓட்டை வாளிக்கும் ஒற்றைக் காலுறைக்கும் நடுவில், பழசுப் பெட்டிக்குள் அதைத் தொப்பென்று போட்டாள்.

“அத்தை, உங்களுக்குத்தான். எடுத்துக்குங்க” என்றாள். “அக்காவுக்குக் குடுத்தா அது எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. உங்களுக்குக் குடுத்தா, எல்லாரும் கேக்கறாங்கன்னு வாரா வாரம் போன்ல அவ சொல்றதாவது உண்மையா இருக்கும்.”

மாமியார் மருமகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தட்டைக் கீழே வைத்தார். சட்டம் சட்டம்தான். “பழசுப் பெட்டியில விழுந்தா எனக்குத்தானே?” என்று முணுமுணுத்தபடி குனிந்தார். வேண்டுமென்றே மெதுவாகக் குனிந்தாரா, இடுப்பு வலியா என்பது அவருக்கே வெளிச்சம்.

பத்திரம் ஓடினாள். பார்சல் அலுவலகத்தில் ஒருநாளும் ஓடாதவள் ஓடினாள். மாமியாரின் கைக்கு அடியில் கையை விட்டுப் பேலட்டைப் பறித்து, மூடியைத் திறந்து, கண்ணாடித்தாளை நகத்தால் சரக்கென்று கிழித்து, எது ஓரம், எது காம்பு என்று பார்க்காமல் வெளிர் ஊதாவின் நட்ட நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். இலை நொறுங்கியது.

கூரை இடிந்து விழவில்லை. விரல் நுனி மட்டும் மாவு தொட்டதுபோல மெத்தென்று இருந்தது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை மாதம்? அதை அப்படியே கண்ணில் அப்பினாள், புருவம்வரை. அடுத்த கண்ணிலும் அப்பினாள், நெற்றிவரை. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“இப்பத் தெரியுதாடி?”

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“என்ன இது, யாராவது குத்திட்டாங்களா?” என்றார் கணவர். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அவரை அதட்டினார்கள். பிறகு மாமியார் மருமகளை உட்காரவைத்து, பிசிறைத் துடைத்து, ஓரத்தை நேராக்கி, இரண்டு கண்ணையும் சமமாக்கினார். தங்கையும் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை மூன்று பேரும் ஒரே ஊதாவில் பூங்காவுக்கு நடந்தார்கள். எந்தக் கடை என்று யாரோ கேட்டார்கள். “என் தங்கை வாங்கித் தந்தது” என்று பத்திரம் முந்திக்கொண்டு சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

திருந்திவிட்டாளா என்று கேட்கிறீர்களா? பேலட் இப்போது முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே திறந்தே கிடக்கிறது. வெண்ணெய் மஞ்சளில்கூடப் பள்ளம் விழுந்துவிட்டது. ஆனால் கிழிந்த அந்தக் கண்ணாடித்தாளை நீவி, நாலாக மடித்து, பெட்டி வந்த அட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். நல்ல தாள், எதற்காவது ஆகும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். புதிதாக மடிப்புக் கலையாமல் அங்கே இருப்பது யார் வாங்கித் தந்தது? அவர்கள் கடைசியாக எப்போது வந்தார்கள்? வந்திருந்தபோது அவர்களுக்கு எந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்தீர்கள்? இல்லை, இதையெல்லாம் பிறகு சாவகாசமாக, ஒரு நல்ல நாள் பார்த்து யோசிக்கலாம் என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைக்கிறீர்களா? வையுங்கள், வையுங்கள். பத்திரம்.